புலிக்கோட்டுச் சட்டைக்கு ஏன் அத்தனை கோபம்?

2024 ஜூன் மாதம், பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் புறப்படும் மலேசியக் குழுவின் அதிகாரபூர்வ உடையை வெளியிட்டார்கள். புலிக்கோடு போட்ட மேல்சட்டை. சட்டைதான், வேறொன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரிக்குள் நாட்டில் பாதிப் பேர் தையல்காரர்களாகிவிட்டார்கள். என் பெரியம்மா மகன் அண்ணன் ஒருவர் செந்தூலில் டயர் கடை வைத்திருக்கிறார். கருநீல டி-சட்டையைத் தவிர வேறு எதையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அவர்கூடக் குடும்ப வாட்சாப் குழுவில் நீளமாக ஒரு குரல் பதிவு அனுப்பினார்: துணி மட்டம், கோடு மட்டம், பசார் மாலாம் இரவுச் சந்தையில் இதைவிட நல்லது கிடைக்கும், இதைப் போட்டுக்கொண்டு உலகத்துக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது, யார் காசு இது. எந்தெந்த விளையாட்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள், யாருக்குப் பதக்க வாய்ப்பு என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நாடு முழுக்கக் கிளம்பிய கேலி தாங்காமல் பிறகு உடையை மாற்றியமைத்தார்கள். நம் ஆட்கள் இரண்டு வெண்கலத்தோடு திரும்பி வந்தார்கள், இரண்டும் பூப்பந்தில். அப்போது சட்டையைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை.

ஏன் இப்படி? ஒரு விளையாட்டு வீரர் முடிவெட்டியது, பயிற்சியாளர் கைகுலுக்காமல் போனது, ஒரு பதிவுக்கு யாரோ லைக் போட்டது, வரவேற்புப் பதாகையில் பெயர் தப்பாக வந்தது போன்ற துக்கடாச் செய்திகளுக்கு ஆயிரக்கணக்கில் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது? வழக்கமாக இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, வேலை வெட்டி இல்லாதவர்கள். இரண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிற தைரியம். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பார்க்கிற கோபக்காரர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரில், பிள்ளையின் பிறந்தநாள் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள். வேலையும் உண்டு, பன்னிரண்டு மணி நேர வேலை. எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையால் கம்பியைப் பிடித்து இன்னொரு கையால் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

பதிலின் ஒரு பாதி நமக்குப் பக்கத்திலேயே பிறந்தது. பார்கின்சன் என்றொரு ஆங்கிலேய வரலாற்றுப் பேராசிரியர் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார், அது சிங்கப்பூரில் இருந்த காலம். அலுவலகங்களையும் கமிட்டிகளையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அவர் 1957இல் எழுதிய ஒரு கிண்டல் இன்றைக்கும் செல்லுபடியாகிறது. ஒரு நிதிக்குழு கூடுகிறது. ஒரு கோடி செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிடுகிறது. அடுத்தது சில நூறு செலவில் ஊழியர்களுக்கு ஒரு சைக்கிள் கொட்டகை. அதற்கு முக்கால் மணி நேரம் சண்டை. கூரைக்கு அலுமினியமா, ஆஸ்பெஸ்டாஸா, கொட்டகையே எதற்கு, இந்த ஊழியர்களுக்கு எதைச் செய்தாலும் திருப்தி இல்லையே. அணு உலையைப் பற்றி வாயைத் திறந்தால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் பயம். கொட்டகை யாருக்குத்தான் தெரியாது?

புலிக்கோட்டுச் சட்டை நம்முடைய சைக்கிள் கொட்டகை. சட்டை போடத் தெரிந்த எல்லாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கருத்து உண்டு, அந்தக் கருத்து தப்பு என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. அணு உலைக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. 2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று நம் கால்பந்து அணி அடித்தபோது நானும்தான் கத்தினேன். செப்டம்பரில் ஃபிஃபா வந்து வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களின் ஆவணங்கள் பொய்யானவை என்று சொல்லி அவர்களை ஓராண்டு தடை செய்தது, மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டித்தான் அவர்களை ஆட வைத்திருந்தார்கள். கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டிருக்க எத்தனை விஷயம் தெரிந்திருக்க வேண்டும் பாருங்கள்: குடியுரிமை எந்த வழியில் கொடுக்கப்பட்டது, பிறப்புச் சான்று எந்தக் கை வழியாகப் போனது, மேல்முறையீடு என்றால் என்ன, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் எதை விசாரிக்கும், எதை விசாரிக்காது. செந்தூல் அண்ணன் முதல் நாள் கொதித்தார், இரண்டாம் நாள் "எல்லாம் மேல இருக்கறவன் வேலலா" என்றார், மூன்றாம் நாள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவே முடியாது. பெரிய விஷயத்தில் கோபப்படுவதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், குறிப்பாகக் கோபத்தைக் காட்ட ஒரு முகம் வேண்டும். ஆவணத்துக்கு முகம் இல்லை. சட்டைக்கு உண்டு, அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளின் முகம்.

இது வாசகர் பக்கம். செய்தி போடுகிறவர் பக்கம் எப்படி என்றால், நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சில வருடம் உட்கார்ந்திருந்தவன், அதனால் கொஞ்சம் தெரியும். ஒரு கால்பந்து ஆட்டம் தொண்ணூறு நிமிடம். ஒரு அணி வாரத்துக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு ஆட்டம் ஆடும். ஆனால் செய்தி வாரம் முழுக்க வேண்டும், இணையம் வந்த பிறகு மணிக்கு மணி வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பத்து மணி ஆட்டத்தை ஞாயிறு மதியத்துக்குள் பிழிந்து முடித்துவிடலாம். திங்கள், செவ்வாய், புதன்? அப்போதுதான் யார் யாரோடு சாப்பிட்டார், யார் யாரைப் பின்தொடர்வதை நிறுத்தினார் என்பதெல்லாம் செய்தியாகிறது. நாட்டு அணிகள் ஆடுவதற்காக லீக் நிற்கிற இரண்டு வாரம் இன்னும் மோசம். ஒன்றுமே நடக்காத நாளில்கூடப் பக்கம் காலியாக வரக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. எங்கள் இணையப் பிரிவில் ஒரு பெண் இருந்தார், கெட்டிக்காரர், அவர் சொல்வார், "அண்ணே, ஸ்கோர் போட்டா ஐம்பது பேர் பார்ப்பாங்க, சண்டை போட்டா ஐயாயிரம் பேர்."

சண்டை எப்படித் தயாராகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், யாரும் பொய் சொல்லியிருக்கவே மாட்டார்கள். கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பயிற்சியாளர் நாற்பது நிமிடம் நிருபர்களிடம் பேசுகிறார். முப்பத்தாறாவது நிமிடத்தில், காயத்திலிருந்து மீண்டு வரும் ஓர் இளம் வீரரைப் பற்றிக் கேட்கிறார்கள். "நல்ல பையன், நன்றாகப் பயிற்சி செய்கிறான், முழு ஆட்டம் ஆட இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்கிறார். செய்தி நிறுவனம் இதைக் கடைசிப் பத்தியில் வைக்கிறது. ஓர் இணையதளம் அந்தப் பத்தியை மட்டும் எடுத்து, 'முழு ஆட்டத்துக்கு இன்னும் தயாரில்லை: பயிற்சியாளர்' என்கிறது. இதுவும் பொய்யில்லை. அடுத்தவர் அந்தத் தலைப்பின் மேல், பையன் தலை குனிந்து நிற்கிற பழைய படம் ஒன்றைப் போடுகிறார். அதற்கடுத்தவர் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து, சிவந்த முகக்குறி மூன்றைச் சேர்த்து வாட்சாப்பில் தள்ளுகிறார். இப்போது நமக்கு வந்து சேர்வது என்ன? நம் வீட்டுப் பையன் போல ஒருவனை யாரோ அவமானப்படுத்திவிட்டார்கள் என்கிற தகவல். திரைப்பிடிப்பில் தட்டிப் படிக்க இணைப்பும் இருக்காது. 'நன்றாகப் பயிற்சி செய்கிறான்' என்ற பாதி வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது.

நிஜத்தில் நடந்த ஒன்றும் இருக்கிறது. 2021 ஜூன், ஐரோப்பியக் கோப்பை நேரம். நிருபர் சந்திப்பில் ரொனால்டோ தனக்கு முன்னால் இருந்த இரண்டு கோக்க கோலா பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். ஒரே நாளில் அந்தக் கம்பெனிக்கு 400 கோடி டாலர் நட்டம் என்று உலகம் முழுக்க ஓடியது. பங்கு விலை அன்று இறங்கியது உண்மை. ஆனால் பங்காதாயத்துக்கான உரிமை கழிந்த நாள் அது, அன்று பங்கு வாங்குகிறவருக்கு அந்தத் தவணை லாபப் பங்கு கிடைக்காது, அதனால் அந்த நாளில் விலை கொஞ்சம் இறங்குவது சாதாரணம், அதில் பெரும்பகுதி அவர் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே இறங்கியும் விட்டது. இதை யார் பகிர்வார்கள்? 400 கோடி என்ற எண் ஒரு சின்ன விஷயத்துக்குக் கோபப்படவும் கொண்டாடவும் உரிமம் கொடுத்துவிட்டது. மாமாக் கடையில் அன்று இரண்டு கட்சி. ஒரு கட்சி "பாத்தியா தலைவன் பவர", இன்னொரு கட்சி "திமிர் பிடிச்சவன், விளம்பரத்துல காசு வாங்கும்போது இனிச்சுதா". தே தாரிக் ஆறிப்போனது.

இயந்திரத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஃபேஸ்புக்கில் லைக் மட்டும் இருந்த இடத்தில் 2016இல் சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகங்கள் வந்தன. அடுத்த வருடத்திலிருந்து, எந்தப் பதிவை யாருக்கு மேலே காட்டுவது என்று கணக்குப் போடும்போது, அந்த முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தார்கள். கோப முகத்துக்கும் அதே ஐந்து. உள் ஆவணங்கள் 2021இல் வெளியானபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் அவர்களே கோப முகத்தின் மதிப்பை 2020இல் பூஜ்யமாக்கிவிட்டிருந்தார்கள். நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளில், ஒரு பதிவைப் பார்த்து "சீ" என்று கோப முகத்தைத் தட்டியவர் ஒவ்வொருவரும் அந்தப் பதிவை இன்னும் பலர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் என்பதுதான் கணக்கு. தலைப்பு எழுதுகிறவர்கள் இதை ஆவணம் இல்லாமலே கண்டுபிடித்திருந்தார்கள், அவர்களுக்குத் தினமும் எண் வருகிறதே. ஒரே செய்திக்குப் பல தலைப்பு போட்டுச் சோதித்த அமெரிக்கத் தளம் ஒன்றின் லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை எடுத்து 2023இல் ஆராய்ந்திருக்கிறார்கள். கெட்ட உணர்ச்சி தருகிற சொல் ஒவ்வொன்று கூடும்போதும் தட்டிப் படிப்பவர் எண்ணிக்கை சராசரியாக 2.3 சதவீதம் ஏறியது. பார்க்க ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தலைப்பு எழுதுகிற இடத்தில் அந்த 2.3 யாரை வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும்.

வாசகரும் இதில் சும்மா இல்லை, பழகுகிறார். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,331 பேர் போட்ட 1 கோடியே 27 லட்சம் ட்வீட்டுகளை எடுத்துப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோபமாக எழுதியபோது லைக்கும் பகிர்வும் கூடுதலாகக் கிடைத்தவர்கள் பிறகு இன்னும் அதிகமாகக் கோபமாக எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. இந்தப் பாராட்டுக்கு அதிகமாக மாறியவர்கள் தீவிரக் கொள்கைக்காரர்கள் இல்லை, நடுவில் நிற்கிற சாதாரண ஆட்கள். தீவிரமானவர் ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கிறார், அவருக்கு லைக் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். நம் குழுக்களில் பார்த்தாலே தெரியும். வருடக்கணக்கில் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மாமா, ஒரு நாள் நடுவரைத் திட்டி நாலு வரி எழுதினார். கட்டைவிரல் எட்டு, சிரிப்பு மூன்று, "சரியா சொன்னீங்க மாமா" இரண்டு. ரோஜாப்பூவுக்கு ஒரு கட்டைவிரலாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அவர்தான் எங்கள் குழுவின் நடுவர் குழு.

ஆனால் அந்த மாமாவை நேரில் பார்த்தால் அவருக்கு அவ்வளவு கோபம் கிடையாது. சிரித்துக்கொண்டுதான் தட்டியிருக்கிறார். இதற்கும் ஆய்வு இருக்கிறது. கோபப் பதிவு எழுதியவரையே கேட்டு அவருக்கு உண்மையில் எவ்வளவு கோபம் என்று குறித்துக்கொண்டு, அதே பதிவை வேறு ஆட்களிடம் காட்டி, எழுதியவருக்கு எவ்வளவு கோபம் இருக்கும் என்று கேட்டார்கள். எழுதியவர் சொன்னதைவிடப் படித்தவர்கள் கூட்டித்தான் சொன்னார்கள். ஆக, ஒரு துக்கடாச் செய்திக்குக் கீழே இரண்டாயிரம் பேர் கொதிப்பது போலத் தெரியும்போது, அதில் நிறையப் பேர் ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கும் நேரத்தில் தட்டியவர்கள். அதைப் பார்த்து நிஜமாகவே கொதிப்பவர் மூன்றாவதாக வருகிறவர், "ஏன் எல்லாரும் இப்படிக் கோபப்படறாங்க" என்று கோபப்படுகிறவர். இந்த வரிசையில் அடுத்து வருவது என்னைப் போலக் கட்டுரை எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம்முடைய கோபத்தில் நமக்கே உரிய ஒரு பங்கு இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நிறுத்திப் பேச நினைக்கிறேன். 1976இல் அமெரிக்காவில் ஒரு பழைய ஆய்வு வெளியானது. ஏழு பல்கலைக்கழகங்களில், வாரக்கடைசியில் தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேச்சிலும் ஜெயித்தால் 'நாங்கள்', தோற்றால் 'அவர்கள்'. இது நமக்குப் புதிதா என்ன? ஜெயித்தால் நம்ம புள்ள, தோற்றால் அந்த ஆளு. ஆனால் மலேசியத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு உண்டு. அணிப் பட்டியல் வந்ததும் நாம் முதலில் செய்கிற வேலை பெயர்களை எண்ணுவது. நம்மாளு எத்தனை? எல்லாரும் எண்ணுகிறோம், வெளியே சொல்வதில்லை.

எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் எண்ணவே தேவைப்படவில்லை. ஆறுமுகம் கம்பத்துக்கு நடுவில் நின்றால் பந்து உள்ளே போகாது என்று எங்கள் அப்பா தலைமுறை சத்தியம் செய்யும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேசிய அணியின் கோல்காப்பாளர், 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார். ஓட்டக்காரர் ஜெகதீசன் 1966 ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர். 1998இல் இதே கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது 50 கிலோமீட்டர் நடையில் சரவணன் தங்கம் வாங்கினார், வெயிலில் சாலையோரம் நின்று பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். இப்போது பட்டியலில் ஒரு பெயர், இரண்டு பெயர். அந்த ஒரு பெயருக்கு ஒரு எழுத்து தப்பாக வந்தாலோ, குழுப் படத்தில் ஓரத்தில் நிறுத்திவைத்தாலோ, பாராட்டுப் பதிவில் விட்டுப்போனாலோ நமக்குச் சுருக்கென்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, "ஒரு போஸ்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று தோன்றும். நியாயம்தான், அவருக்குப் பட்டியலில் பதினெட்டுப் பெயர் இருக்கிறது.

2010 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்காசியக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தின் முதல் சுற்று, புக்கிட் ஜாலில், இந்தோனேசியாவுக்கு எதிராக. பார்வையாளர் பக்கத்திலிருந்து யாரோ லேசர் ஒளியை இந்தோனேசிய வீரர்கள் முகத்தில் அடித்தார்கள், அவர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள், சில நிமிடம் ஆட்டம் நின்றது, திரும்பி வந்ததும் நாம் மூன்று கோல் போட்டோம். இரண்டு சுற்றையும் சேர்த்து 4-2 என்று கோப்பை நமக்கு. அந்தக் கோப்பையை நாடு வென்றது அதுதான் முதல் முறை. பயிற்சியாளர் கே. ராஜகோபால். இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி இரு நாட்டு ரசிகர்களும் இணையத்தில் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் லேசர், லேசர், லேசர்தான். ராஜகோபால் பெயரைச் சொல்கிறவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற ஒரு விளக்கு, ஒரு தமிழ்ப் பயிற்சியாளரின் வாழ்நாள் சாதனைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் துக்கடாச் செய்திகளைக் கண்டு கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. 2021 அக்டோபர், பின்லாந்தில் சுதிர்மான் கோப்பைப் பூப்பந்துக் குழுப் போட்டியின் அரையிறுதி. ஜப்பானின் யாமாகுச்சியிடம் நம் செ. கிஷோனா தோற்றார். அன்றைய நிலையில் யாமாகுச்சியிடம் தோற்பது செய்தியே அல்ல, உலகத்தில் பெரும்பாலானவர்கள் அவரிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஓர் அரசியல் கட்சிக்காரர் அந்தத் தோல்வியை வைத்து, கிஷோனாவின் இனத்தையும் நிறத்தையும் இழுத்து, நம்மை இழிவாகக் குறிக்கிற அந்தச் சொல்லையும் போட்டுப் பதிவு எழுதினார். நாடு கொதித்தது. தமிழர்கள் மட்டுமில்லை, மலாய்க்காரர்கள், சீனர்கள், அமைச்சர்கள் எல்லாரும். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இப்போது சொல்லுங்கள், இது அற்பமான விளையாட்டுச் செய்திக்கு வந்த கோபமா? ஒரு குழு ஆட்டத்தில் ஒரு ஒற்றையர் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் அற்பம்தான். உள்ளே இருந்தது அற்பம் இல்லை. இணையத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். புலிக்கோட்டுச் சட்டைக்கும் கிஷோனாவுக்கும் அதே சிவந்த முகம், அதே பகிர், அதே இரண்டாயிரம். தினமும் பொய்க் கோபம் பார்த்துப் பழகியவர், நிஜமான ஒன்று வரும்போதும் "ஆரம்பிச்சிட்டாங்க" என்று தள்ளிவிட்டுப் போகிறார். அப்படிச் சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

இன்னொரு காரணத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: சில சமயம் கோபம் வேலை செய்கிறது. 2022 ஜனவரியில் லீ ஸீ ஜியா பூப்பந்துச் சங்கத்தை விட்டுத் தனியாக ஆடப் போகிறேன் என்றதும், சங்கம் அவருக்கு இரண்டு ஆண்டு தடை போட்டது. நாடே கத்தியது. சில நாட்களிலேயே தடை போய்விட்டது. அவர்தான் பாரிஸில் ஒற்றையர் வெண்கலம் வாங்கி வந்தார். கத்தினால் நடக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், அடுத்த தடவை எதற்குக் கத்துவது என்று யார் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள்? சட்டைக்கும் கத்தினார்கள், சட்டையும் மாறியது. பந்தயம் கட்டிவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கதை தனி. அவர்களுக்கு விளையாட்டே ஒரு சாக்கு, பணம் போன எரிச்சல், அதை விட்டுவிடலாம்.

அப்படியென்றால் கத்த வேண்டிய அணு உலை நமக்கு எது? என் கணக்கில் அது திடல். ஆறுமுகம் தலைமுறையின் ஆட்டக்காரர்களில் பலர் ரப்பர் தோட்டத்திலிருந்து, ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள். தோட்டம் என்றால் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, கூடவே ஒரு பந்துத் திடல், இது நான்கும் இருக்கும். சாயங்காலம் ஆனால் பெரியவர்களும் பொடியன்களும் ஒன்றாக ஆடுவார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும், அதில் பொறுக்கி எடுத்துத்தான் மாவட்டம், மாநிலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது ஜனங்கள் அடுக்குமாடி மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். கோயிலை எப்படியாவது கூடவே கொண்டுவந்தார்கள், பள்ளிக்குப் போராடினார்கள். திடலை யாரும் கொண்டுவரவில்லை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனையோ பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நாளுக்குப் பக்கத்துப் பள்ளித் திடலையோ நகராண்மைத் திடலையோ கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் பெயர் ஏன் குறைந்தது என்பதற்குத் தேர்வாளரின் மனசு ஒரு காரணமாக இருக்கலாம், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்பது வயதில் பந்து உதைக்க இடமில்லாத பையன் தேர்வாளர் கண்ணுக்கே வருவதில்லை. இதற்கு ஒரு படம் கிடையாது, தலைப்பு கிடையாது, சிவந்த முகம் போட ஓர் ஆள் கிடையாது. நாற்பது வருடமாக மெதுவாக நடந்த ஒன்றுக்கு எந்த நாளில் கோபப்படுவது?

போன மாதம் இதைத்தான் எங்கள் குழுவில் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு வீரரின் பெயரைப் பதாகையில் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று படம் வந்து, காலையிலிருந்து நாற்பது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் விளையாட்டு ஆணையரிடம் பதிந்துகொள்ள வேண்டும், நம் வட்டாரத்தில் எந்தச் சங்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துகிறது, திடலுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று பார்ப்போமா, பதாகைக்கும் சேர்த்தே எழுதிக்கொடுக்கலாம் என்று போட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதிவிட்டேன். ரோஜாப்பூ மாமா ஒரு கட்டைவிரல் போட்டார். செந்தூல் அண்ணன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற காலி இடம் மாநகராட்சியுடையது, சாயங்காலம் பையன்கள் அங்கேதான் லாரிகளுக்கு நடுவில் பந்தாடுகிறார்கள், லாரியை எடுக்கச் சொல்லி எழுத முடியுமா என்று கேட்டார். கடிதத்தை மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறோம். குழுவில் அந்தப் பதாகை இன்னும் ஓடுகிறது, அச்சடித்த கடையின் தொலைபேசி எண்ணை யாரோ தேடிப் பிடித்துப் போட்டுவிட்டார்களாம்.